பீரோவில் பழுத்த பூவன்

அன்று காலை புகையறை வாசலில் நின்றவர்கள்: வாழைக்காய் மண்டி முதலாளி கியாசுதீன், முசிறியிலிருந்து அவருக்குத் தார் அனுப்பும் தோட்டக்காரர் தாயுமானவன், பதினோரு வருடமாக அந்த அறையில் மூட்டம் போட்டுக் காயைப் பழுக்கவைக்கும் பாக்கியமேரி. கூடவே, ஸ்ரீரங்கத்துக் கடைகள் திருப்பி அனுப்பிய முப்பது பூவன் தார்கள். மஞ்சள் தோலெங்கும் கறுப்புப் புள்ளி. வைகுண்ட ஏகாதசிக்கு இரண்டு வாரம்தான் இருந்தது.

"நான் அனுப்பினப்போ காய் கண்ணாடியா இருந்துச்சு பாய். உங்க ஆளு சூட்டுல கருக்கிட்டா," என்றார் தாயுமானவன்.

கியாசுதீனுக்கும் அப்படித்தான் பட்டது. தார் இறங்கும்போது அவரே தடவிப் பார்த்திருந்தார். ஒரு கீறல் இல்லை. பச்சையாக வந்தது கறுப்பாகப் போனால் நடுவில் தொட்டவள் தலையில்தான் விடியும். மண்டி வழக்கம் அது. கையை நீட்டினார்.

"சாவியைக் குடு, மேரி. வேற ஆள் பாத்துக்கறேன்."

கொடுத்தாள். அழவில்லை. ஒரு பழத்தை உரித்து வாயில் போட்டுக்கொண்டு தோலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"சூட்டுல கருகினா மேல்வரிசை முழுக்க ஒண்ணா கருகும் முதலாளி. இது அங்கங்க குழி விழுந்து, நடுவுல காவியா பிசின் கட்டியிருக்கு பாருங்க. பூசணம். தோட்டத்துலயே உள்ள போயிடுது. காயில தூங்கும். இனிப்பு ஏறினதும் முழிச்சுக்கும்."

"பூசணம் தூங்குதாம்! நீ தாலாட்டு பாடினியாக்கும்?" என்றார் தாயுமானவன்.

"நம்ப வேணாங்க. உங்க தோட்டத்துலயே நல்ல தாரா நீங்களே பொறுக்கிக் கொண்டாங்க. பாதிச் சீப்பு புகையே படாம முதலாளி வீட்டுல பூட்டிக் கெடக்கட்டும். மீதியை வையம்பட்டித் தோட்டத்துலேருந்து வர்ற தாரோட சேர்த்து நான் மூட்டம் போடறேன்."

"தோத்துட்டீன்னா?" என்றார் கியாசுதீன்.

"சாவிதான் உங்ககிட்ட இருக்கே."

தாயுமானவன் கொண்டுவந்த தாரைக் கண்காட்சிக்கே வைக்கலாம். பாதிச் சீப்புகளைக் கியாசுதீன் வீட்டுத் துணி பீரோவில் வைத்துப் பூட்டினார். மீதி புகையறைக்குப் போனது.

ஐந்தாம் நாள் புகையறைத் தார்கள் பழுத்திருந்தன. வையம்பட்டிப் பழம் சுத்தம். அதே அறையில், அதே புகையில் இருந்த முசிறிப் பழத்தில் புள்ளி.

"என் காய்க்கு மட்டும் இவ ஏதோ பண்ணிட்டா. பீரோவைத் திறங்க, தெரியும்," என்றார் தாயுமானவன்.

பீரோவில் இருந்தது இன்னும் பச்சை. மார்கழிக் குளிரில் மஞ்சளாக ஒன்பது நாள் ஆனது. ஒன்பது நாளும் கியாசுதீனின் மனைவி ஜீனத் அவரைத் திட்டினாள். "பெருநாள் சட்டையை இனிமே வௌவால்தான் போட்டுக்கணும்."

பத்தாம் நாள் மண்டிக்கு அந்தச் சீப்புகள் வந்தன. அதே குழி. அதே காவிப் பிசின். கியாசுதீன் முகர்ந்து பார்த்தார். அத்தர் வாசம்தான் அடித்தது, புகையில்லை. அன்று தான் தடவிப் பார்த்த பச்சைத் தோலை நினைத்துக்கொண்டார். அப்போதே அது அந்தத் தோலுக்குள் இருந்திருக்கிறது, மூச்சுக் காட்டாமல். முப்பது வருடம் காய் விற்றவர் அவர். ஒரு லென்ஸ்கூட இல்லாமல் இதைக் கண்டுபிடித்தவள் சாக்கு மேல் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள்.

தாயுமானவன் வெகுநேரம் பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "என்னம்மா செய்யணும்?" என்றார்.

"காஞ்ச எலையையும் பூ முனையையும் தார் மேல தொங்க விடாதீங்க. மழைத்தண்ணி அதுல பட்டுத்தான் பூசணத்தோட காயில சொட்டுது."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?"

"யாரு கேட்டீங்க?"

கியாசுதீன் சாவியை நீட்டினார். ஏகாதசிக்கான வையம்பட்டித் தார்களை அவள் அடுக்கினாள். அவர் கூடவே நின்று பார்த்தார். வைக்கோலில் நெருப்பு வைத்துவிட்டு அவள் திரும்பினாள்.

"முதலாளி, புகை முட்டும். வெளிய போங்க."

போனார். பின்னாலேயே வந்தவள் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினாள்.