சுரூபத்தின் முதுகுப்பக்கம்

மாதா சுரூபத்தின் முதுகுப்பக்கம் முக்காலி போட்டு நின்று சம்மங்கிச் சரம் கட்டிக்கொண்டிருந்தேன். சிலைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம், அவ்வளவுதான் இடம். மறுநாள் திருவிழாப் பூசை. திறந்திருந்த கோயில் கதவு வழியே ஏற்காட்டு மலை தெரிந்தது. மேகம் பாதி மலையை விழுங்கிவிட்டு, எங்கள் கொண்டப்பநாயக்கன்பட்டியைப் பார்த்து மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. பூவாசமும் ஈரவாசமும் சேர்ந்து, நின்றபடியே கண் சொருகியது.

பூக்கூடையைப் பிடித்திருந்த என் வீட்டுக்காரர் ஜூட் மட்டும் முழுசாக விழித்திருந்தார். விலங்கியல் வாத்தியார். எதைப் பார்த்தாலும் காரணம் சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. மயில் தோகை விரிப்பது பெட்டைக்காக, பெட்டை மயங்குவது நல்ல குஞ்சுக்காக. பூவைக் கண்டால் நமக்குப் பிடிப்பது, ஆதிமனிதனுக்குப் பூத்த இடத்தில் பிறகு பழம் கிடைத்ததால். பாட்டு, படம், கோலம் எல்லாமே துணையைக் கவர்ந்து வம்சம் வளர்க்கத்தான் தொடங்கினவாம். யாரும் பார்க்காத முதுகுக்கு எதற்குப் பூ, சுவருக்கா காட்டப்போகிறாய் என்று சிரித்தார்.

வேறு நாளாயிருந்தால் நானும் பதிலுக்கு வாரியிருப்பேன். போன வாரம்தான், குழந்தைக்காகப் பார்த்த வைத்தியம் போதும் என்று முடிவுசெய்து, ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் திரும்பியிருந்தோம். அதற்குள் இந்த மனுஷன் வம்சம் வம்சம் என்கிறார். முக்காலியை விட்டு இறங்கி முன்பக்கம் வந்தேன்.

"ஏனுங்க, எல்லா அழகும் குஞ்சுக்குத்தான்னா, நமக்கு இனி எதுக்குங்க இதெல்லாம்? நாளைக்கு நான் வாசல்ல கோலம் போடட்டுமா, வேண்டாமா?"

அவருடைய மயில்களெல்லாம் எங்கே போயினவோ. கூடையை என் பக்கத்தில் வைத்தார். நான் முன்பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். அடக்க வேண்டுமென்று தோன்றவில்லை. மேகம் வாசல்வரை வந்துவிட்டது. மலையும் ரோடும் காணாமல் போய், உலகத்தில் இந்தக் கோயில் ஒன்றுதான் மிச்சம் என்பதுபோல் இருந்தது.

நிமிர்ந்தபோது அவரைக் காணோம். என் முகத்தைப் பார்க்க முடியாமல் வெளியே போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். சுரூபத்துக்குப் பின்னால் சட்டை சுவரில் உரசும் சத்தம் கேட்டது. முக்காலி ஒருதரம் நகர்ந்தது.

"அக்சிலியா."

சுரூபத்தின் பின்னாலிருந்து கை மட்டும் வெளியே நீண்டது.

"இந்தப் பக்கம் ஒரு எடம் வெறிச்சுன்னு கெடக்குது. மஞ்சச் சாமந்தி ஒண்ணு குடு."

முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடைக்குள் கையை விட்டேன். வாடாததாக, இதழ் உதிராததாகத் தேடினேன். கை நீட்டியபடியே இருந்தது.