மச்சான் நிறுத்திய இடம்

என் மச்சான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஒரு முழு வீட்டைத் தூக்கிப் பக்கத்துத் தெருவில் வைத்துவிட்டு, உள்ளே தூங்குகிறவர்கள் புரண்டுகூடப் படுக்காதபடி இறங்கி வருவார் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். அதில் பாதி புளுகு. வீடு இல்லை, சரக்குப் பெட்டி. உள்ளே யாரும் தூங்கவும் இல்லை. ஆனால் முப்பத்திரண்டு வருடத்தில் அவர் இறக்கிய பெட்டி ஒன்றுகூடத் தரையில் டொம்மென்று உட்கார்ந்ததில்லை என்பது சத்தியம்.

அப்படிப்பட்ட மனுஷர் ஓய்வு பெற்ற மறுமாதமே ஆன்லைன் வகுப்பில் சேர்ந்து, கொக்கி ஊசியால் குரோஷா பின்ன உட்கார்ந்தார். வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், மாலை நாலு மணிக்கு. என் மனைவிக்கு அண்ணன் அவர். நாங்கள் நாலாவது மாடி, அவர் ஆறாவது. எதற்கோ மேலே போனவன், ஆறடி உயர ஆள் மடியில் வெண்ணெய் நிற உல்லன் உருண்டையை வைத்துக்கொண்டு டேப்லெட்டைப் பார்த்துத் தலையாட்டுவதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டேன். நான் சிரித்த சிரிப்பில் மூன்று மாடிகளில் கதவு திறந்தது.

“என்ன மச்சான், கொக்கி இப்படி இளைச்சுப் போச்சு?”

“முப்பத்திரண்டு வருஷம் கொக்கிதான் எனக்குச் சோறு போட்டுச்சு மாப்ளே. இது அதோட குட்டி. நீ போய் உன் லிப்டுக்கு எண்ணெய் போடு, போ.”

நான் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவன். இப்போதும் எங்கள் கட்டடத்து லிப்ட் லேசாக இருமினால் என்னைத்தான் எழுப்புவார்கள்.

“அதுலயும் பீச்சாங்கையால! ஊசி கோவிச்சுக்காது?”

“உன் மக வயசு டீச்சரம்மா பாத்துட்டு இருக்காங்க. மானத்தை வாங்காதே.”

டேப்லெட்டுக்குள்ளிருந்து எட்டுச் சதுரங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தன. நான் கும்பிட்டுவிட்டு ஓடி வந்தேன்.

போர்வை அவர் மகளுக்கு. தாயில்லாமல் இவர் ஒற்றையாளாய் வளர்த்த பெண். எட்டு மணி நேர விமானப் பயணத்துக்கு அப்பால் வேலை பார்க்கிறாள். சின்ன வயதிலிருந்தே எல்லாப் பருவத்திலும் குளிருது, குளிருது என்று காலைச் சுருட்டிக்கொள்வாள். “கடையில வாங்கிக் குடுத்த எந்தப் போர்வையும் அவ காலை மூடினதில்ல மாப்ளே. ஆறரையடிக்கு நானே போட்டுடறேன்” என்றார். ஒவ்வொரு தொலைபேசியிலும் அடுத்த மாதம் வந்துவிடும் என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, வகுப்புக்கு அரை மணி நேரம் இருக்கும்போது, மச்சானுக்கு நெஞ்சு இறுக்கியது. நான் மேலே போனபோது வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. அந்த நிலையிலும் மனுஷர் கடைசிக் கண்ணியில் ஓர் ஊக்கை மாட்டிக்கொண்டிருந்தார். பின்னலை அப்படியே விட்டுவிட்டு எழுந்தால் உருவிக்கொண்டு போய்விடுமாம். அவரைத் தாங்கிப் பிடித்து லிப்டில் ஏற்றினேன். ஆறிலிருந்து தரைக்கு இருபத்தெட்டு விநாடி. என் கையால் சரிசெய்த லிப்ட், எனக்குத் தெரியும். மூன்றாவது மாடியைத் தாண்டும்போது சொன்னார்:

“ஊக்கை மட்டும் கழட்டிடாதே மாப்ளே. வந்து போட்டுக்கறேன்.”

வரவில்லை.

மகள் வந்தாள். எல்லாம் முடிந்த மறுநாள் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து, பாதிப் போர்வையைக் கால்மேல் போட்டுக்கொண்டாள். அது முழங்கால் வரைக்கும்தான் வந்தது. “எனக்கு வேற எதுவும் வேணாம் மாமா. இது மட்டும் போதும்.”

பத்துப் பேர் இருக்கிற அறை. எனக்கு வாய் சும்மா இருக்குமா? “பாதியா எதுக்கும்மா எடுத்துட்டுப் போற? நான் முடிச்சுத் தர்றேன். மச்சானுக்கே ரெண்டு மூணு நுணுக்கம் சொல்லிக் குடுத்தவன் நான்” என்றேன். கொக்கியின் எந்த முனை நூல் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியாது. என் மனைவி என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது. அந்தப் பெண்ணோ முதல்முறையாக அழுகையை நிறுத்தி, “நிஜமாவா மாமா?” என்றாள். அப்புறம் எப்படி மாற்றிச் சொல்வது? ஆறு மாதத்தில் வீட்டைக் காலிசெய்ய வருவதாகவும் அப்போது எடுத்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போனதும் மனைவி கேட்டாள். “எங்கண்ணனுக்கு நுணுக்கம் சொல்லிக் குடுத்தீங்களா? சட்டைப் பொத்தானைத் தைக்கச் சொன்னா உங்க விரலைச் சேத்துத் தைப்பீங்க.”

“கத்துக்கறேன்.”

“கத்துக்கோங்க. அந்தப் பொண்ணு நம்பிட்டுப் போயிருக்கா.”

மச்சானின் டேப்லெட்டில் வகுப்பின் பழைய வீடியோக்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன. நேரடி வகுப்பில் போய் உட்கார வெட்கமாக இருந்ததால் முதலில் அவற்றைப் பார்த்தே பழகினேன். டீச்சரம்மா இடது கையில் கொக்கியைப் பிடித்திருந்தாள். மச்சானும் இடது கையில்தான் பிடித்தார். ஆக, இது இடது கை வேலை என்று முடிவு கட்டினேன். வலது கையால் மட்டுமே உலகத்தைத் திருகிப் பழகியவன் நான். மூன்று வாரம் என் இடது கை பட்ட பாட்டைப் பார்த்திருந்தால் கல்லும் கண்ணீர் விட்டிருக்கும். கொக்கி தரையில் விழுந்த சத்தத்தைக் கேட்டுக் கீழ்வீட்டுக்காரர், “என்ன சார், ஆணி வியாபாரமா?” என்று கேட்டார். நான் பின்னிய முதல் துண்டைக் காட்டியதும் மனைவி, “எலி கடிச்சதா, நீங்க பண்ணதா?” என்றாள்.

ஒன்றை மட்டும் கவனித்தேன். டீச்சரம்மாவின் பின்னால் சுவரில் இருந்த கடிகாரம் பின்னோக்கி ஓடியது. ஏதோ புது மாதிரிக் கடிகாரம் போல, இளவட்டங்கள் என்னென்னவோ வாங்குகிறார்கள் என்று விட்டுவிட்டேன். மெக்கானிக் புத்தி!

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை துணிந்து நேரடி வகுப்பில் சேர்ந்தேன். திரையில் மச்சானின் பட்டப்பெயர், ‘கிரேன்’, அப்படியே வந்தது. எட்டுச் சதுரங்களும் ஒரு கணம் அசையாமல் நின்றன. நான் யார், எதற்காக வந்தேன் என்று சொன்னேன். டீச்சரம்மாவுக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கையைக் காட்டுங்க சார்” என்றாள். காட்டினேன்.

“நீங்களும் இடது கையா?”

“நான் எங்கேம்மா? நீங்கதான இடது கை.”

“நான் வலது கை சார்!”

அவள் சொன்னது உண்மைதான். நேரடித் திரையில் கொக்கி வலது கையில் இருந்தது. கடிகாரமும் ஒழுங்காக ஓடியது. மச்சான் இடது கைக்காரர் என்பதால் அவருக்காக மட்டும் ஒவ்வொரு பாடத்தையும் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். நான் மூன்று வாரம் கண்ணாடிக்குள் குடியிருந்திருக்கிறேன். சதுரங்கள் எல்லாம் குலுங்கின. அதில் ஒரு பல் டாக்டர், நாற்காலியிலிருந்து விழுந்தேவிட்டார். சரி, விழவில்லை, சாய்ந்தார்.

“அப்ப வலது கைக்கு மாறிடறேம்மா. பிழைச்சேன்.”

“மாறாதீங்க சார்.” அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். “அவர் போர்வையை முடிக்கத்தான கத்துக்கறீங்க? வலது கையால போட்டா கண்ணி வேற பக்கம் சாயும். எங்கேருந்து ஆள் மாறிச்சுன்னு தெரிஞ்சுடும். உங்களுக்கு ஆள் மாறினது தெரியணுமா, தெரியக் கூடாதா?”

“தெரியவே கூடாது” என்றேன். ரோஷம். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

இன்னும் இரண்டு மாதம் பழைய நூலில் பழகியபின் போர்வையைத் தொட்டேன். அதே நிறத்தில், அதே சாயத்தில் தோய்ந்த நூலை டீச்சரம்மாவே தேடிப் பிடித்து அனுப்பி வைத்தாள். வகுப்பில் அவளுடைய சட்டம் ஒன்று உண்டு. வரிசையின் முதல் கண்ணியில் ஊக்கு இருக்க வேண்டும். வரிசை முடிந்ததும் ஊக்கைக் கழற்றி மேல் வரிசையில் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஓரத்துக் கண்ணி தப்பிப் போர்வை குறுகிக்கொண்டே போகும். எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. லிப்ட் மாதிரி, மாடி மாடியாக ஏறுகிற ஊக்கு! மச்சான் மாட்டிய ஊக்கைக் கழற்றினேன். கழற்றுமுன் ஒரு தடவை வாசலைத் திரும்பிப் பார்த்தேன். இரண்டாவது வரிசையில் பார்க்கவில்லை.

மச்சானின் பின்னல் இறுக்கம். என்னுடையது தொளதொளவென்று பனியன் மாதிரி தொங்கியது. பிரித்தேன். மறுபடி போட்டேன். மறுபடி பிரித்தேன். கோபத்தில் ஒரு நாள் நூலைச் சரசரவென்று இழுத்தேன். அன்றைக்கு எத்தனை வரிசை போயிற்று என்று நான் எண்ணவில்லை. பதினோராவது முறையோ பன்னிரண்டாவது முறையோ, இறுக்கம் சேர்ந்துகொண்டது. கிரேனின் பிடியை நெரிக்காமல், நழுவவும் விடாமல் பிடிக்கிற அந்தக் கை எப்படி இருந்திருக்கும் என்று என் விரல்களுக்கே புரிந்ததுபோல இருந்தது. வெள்ளிக்கிழமை போர்வையைத் திரைக்கு அருகில் பிடித்தேன். டீச்சரம்மா மேலும் கீழும் நகர்த்தச் சொன்னாள்.

“எங்கே சார் சேத்திருக்கீங்க? எனக்கே தெரியல!”

பல் டாக்டர் கைதட்டினார். நான் அன்றைக்குத் தரையிலேயே நடக்கவில்லை. பால்காரரிடம் முக்கால் போர்வை என் கைவேலை என்றேன். கீழ்வீட்டுக்காரரிடம் எழுநூறு வரிசை போட்டதாகச் சொன்னேன். மனைவியிடம் மட்டும் அடக்கமாக, “பத்து வரிசைதான் நான், மீதியெல்லாம் உங்கண்ணன்” என்றேன். அவள் போர்வையை விரல் நுனியால்கூடத் தொட மாட்டாள். தூரத்திலிருந்து பார்ப்பாள், போய்விடுவாள்.

ஆறாவது மாதம் மகள் வந்தாள். மேல்வீட்டில் அட்டைப் பெட்டிகள் நிறைந்துவிட்டன. எல்லாவற்றையும் கட்டி முடித்தபின், வெறும் கட்டில் மெத்தைமேல் போர்வையை விரித்தேன். ஆறரையடி. ஓரத்தில் சரிகை மாதிரி ஒரு வரிசைகூட வைத்திருந்தேன். அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு மெத்தையில் படுத்து, கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். கால் விரல் வெளியே வரவில்லை.

கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்தாள்.

“மாமா, அப்பா எது வரைக்கும் போட்டாரு?”

“என்னம்மா?”

“அவர் கடைசியாப் போட்ட கண்ணி. அந்த இடத்துல ஒரு தடவை கை வைக்கணும். அங்கேருந்து இங்கே அவருன்னு தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்.”

நான் குனிந்தேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தேன். வெண்ணெய் நிறம், ஒரே சாய்வு, ஒரே இறுக்கம். அன்றைக்கு அவள் முழங்கால் வரைக்கும் வந்தது, ஆகவே இங்கேதான் இருக்கும் என்று ஓர் இடத்தில் விரலை வைத்தேன். ஆனால் அன்று எந்த முனையிலிருந்து போர்த்தியிருந்தாள்? நான் இழுத்துப் பிரித்ததில் அவருடையது எவ்வளவு போயிற்று? விரல் மேலே போயிற்று, கீழே வந்தது. நான் போட்ட வரிசைகளை எண்ணிக் கழிக்கலாமென்றால், எழுநூறு என்று ஒருவரிடமும், பத்து என்று ஒருத்தியிடமும் சொன்னவனுக்கு நிஜ எண் எங்கே ஞாபகம் இருக்கிறது? ஊக்கு ஒன்றுதான் சாட்சி. அது மாடி மாடியாக ஏறி, கடைசி வரிசை முடிந்தபின் என் சட்டைப் பையில் கிடந்தது.

ஒரு பொய் போதும். இதோ இங்கேதாம்மா என்று எந்தக் கண்ணியைக் காட்டினாலும் அவள் நம்பியிருப்பாள். வாழ்நாள் முழுக்க வாயாலேயே வீட்டைத் தூக்கி நகர்த்தியவன் நான், ஒரு கண்ணியைக் காட்ட முடியாதா? வாயைத் திறந்தேன்.

“தெரியலம்மா.”

மனைவி வாசற்படியில் நின்றிருந்தாள். நான் அப்படி ஒரு வார்த்தை சொல்லி அவள் கேட்டதே இல்லை.

“ஞாபகப்படுத்திப் பாருங்க மாமா.”

“ஊக்கைக் கழட்டாதேன்னு சொன்னார். நான்தான் கழட்டினேன். ஒரு துண்டு நூலாவது கட்டி வெச்சிருக்கலாம். தோணலம்மா.”

“பிரிச்சுப் பாத்தா?”

“பிரிச்சா என்னோடது போய் எப்ப அவரோடது ஆரம்பிக்குதுன்னு தெரியாது. எல்லாம் ஒரே நூலாத்தான் வரும்.”

அவள் ஒரு முனையிலிருந்து கட்டைவிரலால் வரிசை வரிசையாகத் தடவிக்கொண்டே போனாள். நடுவில் சில இடங்களில் நின்றாள். அடுத்த முனை வரை போய்விட்டாள். பிறகு கோபமில்லாமல், “ரொம்ப நல்லாப் போட்டிருக்கீங்க மாமா” என்றாள். அதற்கு அவள் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

மனைவி உள்ளே வந்து போர்வையின் ஒரு ஓரத்தைப் பிடித்தாள். அவள் அதைத் தொட்டது அன்றைக்குத்தான். அத்தையும் மருமகளுமாக எதிரெதிரே நின்று மடித்தார்கள். நாலாக, எட்டாக. பெட்டிக்குள் வைத்தார்கள்.

நான் சட்டைப் பையிலிருந்து ஊக்கை எடுத்திருக்கிறேன் போலிருக்கிறது. எப்போது எடுத்தேன், எப்போது திறந்தேன் என்று தெரியாது. எங்கே குத்துவது என்று தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டு கட்டிலருகில் நின்றிருந்தேன். இடது கையில்.

மனைவி என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி அதை வாங்கினாள்.

“மூடி வெக்கணும்” என்றாள். “குத்திடும்.”