சொல்லாமல் திருப்பிய சக்கரம்

பிரவீனா அந்தச் சைக்கிளை வாங்கினாலும் வாங்கினாள், அவள் புருஷன் முனிவேலுக்கு நிம்மதி போயிற்று. பெங்களூரில் யாரோ ஓட்டிக் கைமாறி வந்த வண்டி. பின்சக்கரத்தில் இரண்டு பக்கமும் பல்சக்கரம். ஒரு பக்கம் ஃபிக்ஸட்: சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், காலை இறுக்கினால் வேகம் அடங்கும். சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினால் ஃப்ரீவீல்: மிதிப்பதை விட்டாலும் வண்டி அதுபாட்டுக்கு ஓடும், நிறுத்த வேண்டுமென்றால் கை பிரேக்தான்.

பிரவீனாவுக்கு ஃபிக்ஸட்தான் பிடித்தது. தளியில் அவர்கள் வீட்டு வாசலிலேயே தொடங்கும் இறக்கம், நேரே மெயின் ரோட்டில் போய் முட்டும். அங்கேதான் அவளுடைய ஓசூர் கம்பெனி பஸ் வரும். "எங்காலு சொல்றத வண்டி கேக்குது" என்பாள். போன வாரம் சுழன்ற பெடல் அடித்துக் கணுக்கால் வீங்கியது. அப்போதும் மாற்ற மாட்டேன் என்றாள். முனிவேலுக்கு மனசு கேட்கவில்லை. நேற்று சாயங்காலம் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துச் சக்கரத்தைத் திருப்பி மாட்டிவிட்டான். வண்டிக்கு இருந்தது முன்பிரேக் ஒன்றுதான், அதன் கம்பியும் தொளதொளவென்று கிடந்தது. காலையில் இறுக்கிவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். பெரிய கெட்டிக்காரன்!

விடிந்ததும் மோட்டாருக்குக் கரண்ட் வந்துவிட்டது. ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டு இறக்கத்தை ஒட்டியிருந்த கோஸ் தோட்டத்துக்கு ஓடியவன் பிரேக்கை அடியோடு மறந்துபோனான்.

தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தவன் தற்செயலாக மேலே பார்த்தான். பிரவீனா சைக்கிளில் இறங்கி வந்துகொண்டிருந்தாள். காலை இறுக்குகிறாள், பெடல் வெறுமனே பின்னால் சுழல்கிறது. வண்டி அடங்கவில்லை. கீழே தக்காளி லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

"பிரேக்கு புடி!"

"புடிக்கல! பிரேக்கு புடிக்கலங்க!"

மண்வெட்டியை எறிந்துவிட்டு வரப்பில் ஓடினான். "தோட்டத்துல வுடு! இந்தப் பக்கம் திருப்பு!"

அவள் ஹேண்டிலை ஒடித்தாள். சைக்கிள் வாய்க்காலைத் தாண்டி, முற்றிய கோஸ்களைச் சிதறடித்துக்கொண்டு சேற்றில் சாய்ந்தது.

அவன் மூச்சு வாங்க வந்து நின்றபோது அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். முழங்கையில் ரத்தம். அவள் பார்வை பின்சக்கரத்தின் மேல் இருந்தது.

"நீங்களா மாத்துனது?"

"உங்காலு வீங்கிக் கெடந்துதே... அதான்."

"வீங்குனது எங்காலு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. செத்திருப்பேங்க."

கீழே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஸ்பேனரக் குடுங்க."

"கையில ரத்தம் வருது. நான் மாட்டறன், பிரவீனா."

அவள் கையை நீட்டினாள். அவன் கொடுத்தான். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, நட்டைக் கழற்றி, சக்கரத்தை மறுபடி ஃபிக்ஸட் பக்கமே மாட்டினாள். பிரேக் கம்பியையும் இழுத்து முடுக்கினாள். முனிவேல் சேற்றில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

வேலை முடிந்ததும் பழக்கத்தில் கையை நீட்டினான். அவள் ஸ்பேனரைத் துடைத்துத் தன் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறினாள்.