பதினொன்றாம் அட்டையின் பின்பக்கம்

2023-ஆம் ஆண்டு மார்ச் 14, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே கால் மணிக்கு, சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரிலுள்ள ஓர் அலுவலகக் கட்டடத்தின் நிர்வாகத்திடமிருந்து எங்கள் துப்புரவு நிறுவனத்துக்குக் கடிதம் வந்தது. அங்கே வேலை செய்யும் பதினொரு பேரின் அடையாள அட்டை நகல்கள், முன்பக்கமும் பின்பக்கமுமாக, வியாழக்கிழமைக்குள் கீழ்த்தளக் காவலர் மேசையில் சேர வேண்டும். நகல் தராதவர் திங்கள் முதல் உள்ளே வர இயலாது.

எங்கள் அலுவலகம் சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில், மளிகைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. முப்பத்தொரு ஆண்டுகளாகக் கோப்புகள் என் பொறுப்பு. மேலாளர் கதிரேசன் நின்றபடியே கடிதத்தைப் படித்துவிட்டு, கேட்டதைக் கொடுத்துவிடச் சொன்னார். எதற்காகக் கேட்கிறார்கள் என்று நானும் கேட்கவில்லை.

புதன்கிழமைக்குள் பத்துப் பேர் கொடுத்துவிட்டார்கள். பதினொன்றாமவள் பாக்கியலட்சுமி. அவள் முன்பக்க நகலை மட்டும் கொண்டுவந்தாள். முகவரி இருப்பது பின்பக்கத்தில். ஆகவே திருப்பி அனுப்பினேன். வியாழன் காலை பின்பக்கமும் வந்தது. ஆனால் முகவரியின் மேல் வெள்ளைத் தாளை வைத்து நகலெடுத்திருந்தாள். அரைகுறை ஆவணத்தை ஏற்கும் வழக்கம் என்னிடம் இல்லை என்றேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தொலைபேசி ஒலித்தது. நான் பேசி முடித்தபோது அவள் அங்கே இல்லை.

அவளுக்கு வேலை போய்விடக் கூடாது என்று நினைத்தேன். சென்ற ஆண்டு வீடு மாறியபோது அவள் நிறுவனத்துக்குக் கொடுத்திருந்த முழு நகல், பின்பக்கத்தில் புது முகவரிச் சீட்டு ஒட்டியது, என் அலமாரியில் இருந்தது. அதைப் படியெடுத்துப் பதினொன்றாவதாகச் சேர்த்தேன். பதினொரு மணிக்கு உறை புறப்பட்டது.

பன்னிரண்டரைக்கு அவள் மேலாளரைப் பார்க்கத் திரும்பி வந்தாள். அனுப்பிவிட்டதாக நான் சொன்னதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தக் கவுண்டர்ல யாரு உக்காந்திருக்காங்கன்னு தெரியுமா ஆண்ட்டி? வடிவேலுவோட தம்பி. போன மாசம்தான் செக்யூரிட்டியா சேர்ந்தாரு. அண்ணி, இப்ப எந்த ஏரியால இருக்கீங்கன்னு கேட்டாரு. சிரிச்சிட்டு லிஃப்ட்ல ஏறிட்டேன்."

வடிவேலு அவளுடைய முன்னாள் கணவர். அவளுக்குத் தொல்லை கொடுக்கக் கூடாது என்று ஈராண்டுகளுக்கு முன்பு நீதிமன்றம் அவருக்கு ஆணையிட்டிருந்தது. அவள் புது வீட்டு முகவரி அவருக்குத் தெரியாது.

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?" என்றேன்.

"சொல்லத்தான் வந்தேன். நீங்க போன் எடுத்துட்டீங்க."

தம்பிக்கு அன்று இரண்டு மணிக்கு வேலை தொடக்கம் என்றும் சொன்னாள்.

நான் எம்ஆர்டி ரயிலில் ஏறி, ஊட்ரம் பார்க்கில் மாறி, ஒன்று இருபத்தைந்துக்கு அந்த மேசையை அடைந்தேன். பகல் காவலர் அஸ்மத் என்னும் இளைஞர். உறை கிழிந்திருந்தது. நகல்கள் மேசைமேல் கிடந்தன. எல்லாவற்றுக்கும் மேலே பாக்கியலட்சுமியின் பின்பக்கம்.

"கவுண்ட் பண்ணிட்டேன் ஆண்ட்டி, லெவன், கரெக்ட் லா," என்றார் அவர்.

பிழையாக அனுப்பப்பட்டவை, திருப்பிப் பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். நிர்வாகம் கேட்டால் என்ன சொல்வது என்று அவர் தயங்கினார். என் பெயரையும் தொலைபேசி எண்ணையும் கொடுத்து, என்னைக் கேட்கச் சொன்னேன். பதினொன்றையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது மணி ஒன்று நாற்பது.

பாக்கியலட்சுமி அலுவலகத்திலேயே காத்திருந்தாள். நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

"எண்ணினாரா, இல்ல படிச்சாரா ஆண்ட்டி?"

"தெரியல பாக்கியம். தப்பு என்னோடது."

அவள் தன் நகலை மட்டும் கையில் வாங்கி, நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். இனி அந்தக் கட்டடத்துக்குப் போக முடியாது என்றாள். நான் கதிரேசனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

மறுநாள் கதிரேசன் நிர்வாகத்துக்கு எழுதினார்: நகல்கள் தர இயலாது; பெயரும் அட்டை எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களும் இறுதி எழுத்தும் கொண்ட பட்டியல் தருகிறோம்; வேண்டுமானால் பணியாளரே அட்டையின் முன்பக்கத்தைக் காட்டுவார். திங்கட்கிழமை அதற்கு இணக்கம் வந்தது. பாக்கியலட்சுமிக்கு வேறொரு கட்டடத்தில் அதே நேரத்தில் வேலை ஒதுக்கப்பட்டது. வீட்டை மாற்ற வேண்டாம், கதவுக்கு இரண்டாவது பூட்டுப் போட்டால் போதும் என்று அவளே முடிவு செய்தாள். அலமாரியிலுள்ள எந்த நகலும், உரியவர் எழுதிக் கையெழுத்திடாமல், அலுவலகத்தை விட்டு வெளியே போகாது என்பது என் பரிந்துரை. அது ஏற்கப்பட்டது.