கழுத்துக் குழாய்

தங்கை போர்வைக்கு மேலேயே சாய்ந்து அண்ணனை அழுத்திப் பிடித்திருந்தாள். அப்படியும் கட்டில் குலுங்கியது. ரத்தம் சுத்தம் செய்யும் மெஷினில் போட்ட கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அவனுக்கு உடம்பு தூக்கிப் போட ஆரம்பித்திருந்தது.

மெஷினுக்கு ரத்தம் போய்வர அவன் கழுத்தில் போட்டிருந்த குழாயைச் சுற்றியிருந்த கட்டை நர்ஸ் பிரித்தாள். தோல் சிவந்து, ஓரத்தில் சீழ் கோத்திருந்தது.

"எப்பலேர்ந்து காய்ச்சல்?"

தங்கைக்குத் தெரியாது. அவன்தான் சொன்னான். "நாலஞ்சு நாளா. சொன்னா படுக்கப் போட்டுடுவீங்க. இவ மறுபடி லீவு கேட்டு நிக்கணும்."

"அதுக்காக மறைப்பியாண்ணே?" என்றாள்.

டாக்டர் அவளை வெளியே கூப்பிட்டார். "குழாய் வழியா கிருமி ரத்தத்துல கலந்துடுச்சும்மா. குழாயை எடுத்தாத்தான் மருந்து பிடிக்கும்."

"எடுத்துடுங்க சார்."

"எடுத்தா டயாலிசிஸ் எப்படிப் பண்றது? அதுக்குன்னு கையில ரத்தக்குழாயை இணைச்சு ஆபரேஷன் பண்ணது ரெண்டு தடவையும் நிக்கல. கழுத்துல அந்தப் பக்கம் அடைச்சுக் கிடக்கு. தொடையில போட்டுப் பாக்கணும். அதுக்கு பிரஷர் தாங்கணும்."

"அப்ப எடுக்க வேணாமா?"

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

உள்ளே அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். சிறுநீரகம் கெடும்வரை பஸ் கண்டக்டராக இருந்தவன். "கூட்ட வண்டியில நடுவுல மாட்டின கதைதான்," என்றான். "முன்னாலயும் இறங்க முடியாது, பின்னாலயும் இறங்க முடியாது." சிரிக்கப் பார்த்தான். "எடுக்கச் சொல்லு. கழுத்தாவது கொஞ்சம் சும்மா இருக்கட்டும்."

எடுத்தார்கள். மருந்து ஏறியது. தொடையில் குழாய் போட ஆள் வந்தபோது பிரஷர் அதலபாதாளத்தில் கிடந்தது. பொறுத்துப் பார்க்கலாம் என்றார்கள். மத்தியானத்துக்கு மேல் அவனுக்கு நாக்குக் குழறியது. யாரையோ தள்ளி நிற்கச் சொன்னான். அவள் தள்ளி நின்றாள். திரும்பக் கிட்டே வந்தபோது அவனுக்கு அவளைத் தெரியவில்லை. சாயங்காலம் அடங்கிப்போனான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினார்கள். பக்கத்து வீட்டு அக்கா ஒரு சொம்புத் தண்ணீரை அவள் கையில் கொடுத்தாள்.

"காலையிலேர்ந்து பச்சத் தண்ணி பல்லுல படல உனக்கு. குடிம்மா."

டாக்டர் சொன்னபடி, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அண்ணனுக்குத் தண்ணீரை அளந்து கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து, அவன் கண்ணெதிரே அவள் குடித்ததில்லை. சொம்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அடுப்படிக்குப் போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, தொண்டைச் சத்தம் வெளியே கேட்காதபடி, சிறுசிறு மடக்காகக் குடித்தாள்.