டௌவே சாப்பிட்டதாகச் சொல்லாதது

போன தடவை வார்டுச் செய்முறைத் தேர்வில் நான் தோற்றதற்குக் காரணம், நோயாளியைப் பார்க்காமல் மானிட்டரையே பார்த்துக்கொண்டு நின்றதுதான். இந்தத் தடவையும் தோற்றால் நர்சிங் படிப்பை மூட்டை கட்டிவிட வேண்டியதுதான். தேர்வாளர் அதே பௌக்கியா சிஸ்டர். நெதர்லாந்தின் வடக்கே, ஃப்ரீஸ்லாந்தின் இந்த ஆஸ்பத்திரி வார்டில் முப்பது வருஷமாகக் குப்பை கொட்டுகிறவர். சிரித்தால் அபராதம் என்று யாரோ சொல்லிவைத்த மாதிரி முகம்.

எனக்குக் கிடைத்த நோயாளி டௌவே, கால்வாய்ப் பாலத்தைத் தூக்கி இறக்கும் வேலையில் இருந்து ஓய்வுபெற்றவர். மூன்று மாத்திரை போட்டும் ரத்த அழுத்தம் நூற்றெண்பதை விட்டு இறங்க மாட்டேன் என்றது. கணுக்கால் வீக்கம். ரத்தத்தில் பொட்டாசியம் குறைவு. மதியம் நாலாவது மாத்திரையை எழுதுவதாக டாக்டர் சொல்லியிருந்தார்.

"உப்பைக் குறைச்சீங்களா?"

"உருளைக்கிழங்கையே உப்பில்லாமத்தான் தின்னுறேன் பொண்ணே. மாடுகூட மூஞ்சியத் திருப்பிக்கும்."

"வேற என்ன சாப்பிடுறீங்க?"

"ஒண்ணுமே இல்ல. இந்தா, நீ ஒண்ணு போட்டுக்கோ."

தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பையை நீட்டினார். கருப்பு அதிமதுர மிட்டாய், அதிலும் இரட்டிப்பு உப்புக் கரிக்கும் வகை. எங்கள் ஊரில் அது சாப்பாட்டுக் கணக்கிலேயே வராது. மூச்சு விட்டதை யாராவது சொல்வார்களா? நானும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, 'வேறு எதுவும் உண்பதில்லை' என்று எழுதினேன். மூன்று நாளாக இதே மிட்டாய், இதே எழுத்து. வடிகட்டின முட்டாள் நான்.

இன்னொன்றுக்குக் கை விட்டேன். பை காலி.

"காலையில நிரம்பி இருந்துச்சே, அதுக்குள்ள கால் கிலோவும் போச்சா?"

"தினம் ஒரு பைதானே! பௌக்கியா கொண்டாந்து குடுக்குறா. பார்க்கத்தான் முள்ளு, மனசு தங்கம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதிமதுரம் அதிகமானால் பொட்டாசியம் வெளியேறும், உடம்பில் உப்பும் நீரும் தேங்கும், அழுத்தம் ஏறும். இதைப் பரீட்சையில் எழுதி முழு மார்க் வாங்கியவள் நான்! ஆனால் இப்போது சொன்னால் தேர்வாளரையே கைகாட்ட வேண்டும். சொல்லாவிட்டால் டௌவே தலையில் நாலாவது மாத்திரை. தாளை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

நர்சுகள் அறையில் பௌக்கியா எதையோ மென்றுகொண்டே என் தாளை வாங்கினார்.

"சரி, என்ன முடிவு எடுத்தே?"

"நாலாவது மாத்திரைக்கு முன்னாடி டாக்டர்கிட்ட பேசணும் சிஸ்டர். அவரு தினமும் கால் கிலோ அதிமதுர மிட்டாய் தின்னுறாரு. அதை நிறுத்திட்டு, பொட்டாசியத்தை மறுபடி பார்க்கணும்."

"எந்தப் புத்திசாலி அவருக்கு வாங்கிக் குடுக்கிறது?"

"நீங்கதான் சிஸ்டர்." குரல் கீச்சென்று வந்தது. "தின்னதுல எனக்கும் பங்கு உண்டு."

மென்றுகொண்டிருந்த தாடை நின்றது. பௌக்கியா மெதுவாக ஒரு காகிதத்தை எடுத்து, வாயிலிருந்த கருப்பு உருண்டையை அதில் துப்பி மடித்தார். பிறகு சட்டைக்கையைச் சுருட்டி என் முன்னால் நீட்டினார்.

"எனக்கும் எடு."

எடுத்தேன். நூற்று எழுபத்து நாலு.

"ஒன்றரை வருஷமா மாத்திரை போடுறேன்டி," என்றார் தணிந்த குரலில். "டாக்டர் ரெண்டு தடவை மாத்திக் குடுத்துட்டாரு." டெலிபோனை என் பக்கம் தள்ளினார். "முதல்ல டௌவேக்காகப் பேசு. அப்புறம் எனக்கு."

"சிஸ்டர், என் ரிசல்ட்டு?"

"போனைப் போடு! பெயிலான பொண்ணுகிட்டயா நான் கையை நீட்டுவேன்?"