அவள் வளைத்த குழாய்

ஏற்றத்தின் பாதியில் கார் நின்றது. போன ஞாயிற்றுக்கிழமையும் இதே திருப்பத்தில்தான் நின்றது. முதலில் ஒரு தடுமாற்றம், பிறகு தும்மல் மாதிரி இரண்டு குலுக்கல், அப்புறம் சத்தமே இல்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். பக்கத்து இருக்கையில் மச்சான் வலது காலால் தரையை அழுத்திக்கொண்டிருந்தார்.

"காலை எடுங்க மச்சான். அங்க பிரேக் இல்ல."

"பழக்கம்யா. என் கால் என் பேச்சைக் கேட்டு எத்தனையோ நாளாச்சு."

மச்சான் என் மனைவியின் அண்ணன். கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் வேலை. பயிற்சி வண்டியில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. வேறு எந்த வண்டியில் ஏறினாலும் அது இருப்பதாகவே அவர் கால் நினைத்துக்கொள்ளும்.

இறங்கி பானட்டைத் திறந்து வைத்தேன். அரை மணி நேரம் ஆற வேண்டும். ஆறினால் ஒன்றும் நடக்காதது போலக் கிளம்பும், ஆனால் மேலே ஏறாது. திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நான் மறுபடி உள்ளே போய் ஸ்டீயரிங்கில் கை வைத்து உட்கார்ந்தேன். சூடு தணியும்போது எஞ்சினிலிருந்து டிக் டிக் என்று சின்னச் சத்தங்கள் வரும். யாரோ வருவதற்காகக் காத்திருப்பது போலவே இருக்கும். மச்சான் ரோட்டோரம் நின்று, தாண்டிப்போகிற வண்டிகளையெல்லாம் கை காட்டி அனுப்பிக்கொண்டிருந்தார்.

கார் என் மனைவியுடையது. எங்கள் இருவரையும் விட வயதில் மூத்தது. உருண்டை விளக்குகள். கதவைச் சாத்தினால் பழைய மர அலமாரியைச் சாத்துகிற சத்தம். ஓடாத நிலையில் வாங்கி, வீட்டுக்குப் பின்னாலிருந்த ஷெட்டில் நிறுத்தி, விடுமுறை நாட்களை எல்லாம் அதற்கே கொடுத்தாள். ஒவ்வொன்றாகக் கழற்றி, துடைத்து, மாற்றினாள். கடைசியாகப் போட்டது பெட்ரோல் குழாய். பின்னாலிருக்கும் டேங்கிலிருந்து முன்னாலிருக்கும் பம்ப் வரை வண்டிக்கு அடியில் ஓடுகிற குழாய். பழையது துருப்பிடித்துக் கசிந்து, ஷெட் முழுக்க பெட்ரோல் நாற்றம். புதியதை அவளே வளைத்து மாட்டினாள். எஞ்சினைப் போட்டு ஷெட்டில் நின்றபடியே சற்று நேரம் ஓடவிட்டாள். "அடுத்த மாசம் நானே ஓட்டிட்டு வந்து உன் வாசல்ல நிறுத்தறேன் பாரு" என்று தன் அம்மாவிடம், என் அத்தையிடம், சொல்லியும் வைத்திருந்தாள்.

அந்த அடுத்த மாதத்துக்குள் காய்ச்சல் வந்து இறந்துபோனாள்.

அத்தை அதன் பிறகு என்னிடம் எதையும் கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை கேட்டார். "அந்தக் கார் ஓடுதா மாப்ள?" கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அத்தையின் வீடு இந்த ஏற்றத்துக்கு அந்தப் பக்கம்.

கொண்டுபோவது என்றால் அவள் விட்டது விட்டபடி கொண்டுபோக வேண்டும். என் கை பட்ட ஒரு திருகாணிகூட அதில் இருக்கக் கூடாது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஷெட்டுக்குத் திரும்பியதும் மச்சான் ஆரம்பித்தார்.

"பம்பை மாத்து."

"பம்ப் நல்லா இருக்கு. பாத்துட்டேன்."

"அப்ப கார்பரேட்டர்."

"அதுவும்."

"அப்ப டிரைவரை மாத்து. மிச்சம் இருக்கறது அவன்தான்."

நான் படித்தது வேதியியல். குடிநீரைப் பரிசோதிக்கிற கூடத்தில் வேலை. காரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அவள் வேலை செய்யும்போது விளக்குப் பிடித்துத் தெரிந்துகொண்டது. ஆனால் பெட்ரோல் சீக்கிரம் கொதிக்கும் என்பது தெரியும். குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவியானால் பம்ப் வெறும் ஆவியைத்தான் இழுக்கும். ஆறினால் மறுபடி திரவமாகும். நின்று, ஆறி, கிளம்புகிற வண்டிக்கு வேறு காரணம் தோன்றவில்லை. எங்கேயோ குழாய் சுடுகிறது.

வண்டியை ஸ்டாண்டுகளில் ஏற்றி அடியில் படுத்தேன்.

அவள் பல் கம்பி செய்கிறவள். கோணல் பற்களுக்கு மாட்டுகிற கம்பிகளை ஒரு லேபில் உட்கார்ந்து நாள் முழுக்க வளைப்பாள். அந்தக் கை இந்தக் குழாயிலும் தெரிந்தது. டேங்கிலிருந்து இறங்கி, பின் சக்கர அச்சைத் தாண்டி, வண்டியின் அடிச்சட்டத்தை ஒட்டி நேராக ஓடி, கிளிப்களில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. ஓரிடத்தில் மட்டும் உள்பக்கமாக இறங்கி, சைலன்சர் குழாய்க்கு ஒரு விரல் இடைவெளியில் போய், மறுபடி சட்டத்துக்குத் திரும்பியது. அந்த வளைவை முன்பும் பலமுறை பார்த்திருக்கிறேன். இவ்வளவு அழகாக வளைத்திருக்கிறாளே, ஏதோ காரணம் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

"மச்சான், அந்தப் பழைய குழாயை எடுத்துக் குடுங்க."

பழைய குழாய் சுவரில் ஆணியில் தொங்கியது. அதை மாதிரியாக வைத்துத்தான் அவள் புதியதைச் செய்தாள். பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அதே இடத்தில் அதே வளைவு.

"பாத்தியா? கம்பெனிக்காரனே அப்படித்தான் வச்சிருக்கான். அவனுக்கு மேல கண்டுட்டியா நீ?"

துருவைத் துணியால் தேய்த்தேன். வளைவின் வெளிப்பக்கம் குழாய் சப்பையாக இருந்தது. மேலே கீறல்கள். சட்டத்தில் அந்த இடத்துக்கு நேராக ஒரு காலித் துளை; கிளிப் பிய்ந்துபோன துளை. அது வளைவே இல்லை. என்றைக்கோ ஏதோ ஒரு ரோட்டில் கல்லடி பட்டு ஒடுங்கியது. அந்த ஒடுக்கைத்தான் அவள் மெனக்கெட்டு, சப்பையாகாமல், கீறல் விழாமல், அளவெடுத்து, புதுக் குழாயில் செய்துவைத்திருக்கிறாள்.

லேபில் அவள் கற்ற வேலை அப்படி. "வாய் எப்படி இருக்கோ அப்படித்தான் அச்சு. அச்சு எப்படி இருக்கோ அப்படித்தான் கம்பி. திருத்தறதெல்லாம் டாக்டர் பாடு" என்பாள். பல் கோணலாக இருக்கிறதே என்று அச்சைத் திருத்தினால் கம்பி வாயில் ஏறாது.

வண்டிக்கு அடியில் படுத்தபடியே சிரித்துவிட்டேன். என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

"என்னய்யா, பெட்ரோல் தலைக்கு ஏறிடுச்சா?"

சொன்னேன். மச்சான் பழைய குழாயை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார்.

"ஸ்கூல்ல பக்கத்துப் பொண்ணைப் பாத்துக் கணக்கு எழுதுவா. ஒருதரம் அந்தப் பொண்ணு பேரையும் சேத்து எழுதிக் குடுத்துட்டு வந்துட்டா. டீச்சர் எங்கம்மாவைக் கூப்பிட்டு, உங்களுக்கு எத்தனை பொண்ணுன்னு கேட்டாங்க."

இருவரும் சிரித்தோம். பிறகு இருவரும் நிறுத்திக்கொண்டோம்.

"சரி, அதையே கொஞ்சம் விரிச்சு விடு. சட்டத்தோட சேந்துரும். ரெண்டு நிமிஷ வேலை."

கிளிப்களைத் தளர்த்தி, வளைவின் இரண்டு பக்கமும் கட்டைவிரல்களை வைத்தேன். அவளும் அங்கேதான் வைத்திருப்பாள். குழாய் இளக்கமானதுதான். அழுத்தினால் விரியும். விரிந்த பிறகு அந்த இடத்தில் அவள் செய்தது எதுவும் இருக்காது.

"என்ன, கெட்டியா இருக்கா?"

"இல்ல."

"பின்ன?"

மச்சான் குனிந்து என் கையைப் பார்த்தார். போய் டீ போட்டுக்கொண்டு வந்தார். என்னுடையதைத் தரையில் வைத்துவிட்டு, டயர்மேல் உட்கார்ந்து தன்னுடையதைக் குடித்தார்.

"மாப்ள, உன் இஷ்டம். அப்படியே விட்டுடு. ஆனா அம்மாகிட்ட நீயே சொல்லிடு. உங்க பொண்ணு கார் பாதி மலை வரைக்கும் வந்துச்சு, மிச்சத்தை நீங்க நடந்து வந்து பாத்துக்குங்கன்னு."

"அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துட்டு நடுவுல வேற துண்டு போட்டா?"

"நல்லா யோசி."

யோசித்தேன். ரெண்டு பக்கமும் ரப்பர் ஹோஸ் வைத்து இணைக்க வேண்டும். ஒவ்வொரு இணைப்பும் கசிவதற்கு ஒரு இடம். அதுவும் சைலன்சருக்குப் பக்கத்தில். அவள் இருந்திருந்தால் என் காதைத் திருகியிருப்பாள். அவளுடையதைக் காப்பாற்ற அவள் ஒப்புக்கொள்ளாத வேலையைச் செய்ய முடியாது.

"முழுசா புதுசு போடறேன்" என்றேன்.

"அப்ப இது?"

"இது இப்படியே இருக்கட்டும்."

"பழசு ஒண்ணு தொங்குது. பக்கத்துல புதுசு ஒண்ணு. ஷெட்டு நல்லாத்தான் இருக்கும்" என்றார். குரலில் கிண்டல் குறைவாக இருந்தது.

டேங்கை வடித்தோம். முன்னும் பின்னும் ஹோஸ்களைக் கழற்றினேன். அவள் குழாயை வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. நீளம், ஆனால் கனமே இல்லை. மச்சான் ஒரு முனையைத் தூக்கி நடக்க, மறுமுனை என் கையில் நடுங்கியது. உள்ளே மிச்சமிருந்த பெட்ரோல் என் மணிக்கட்டில் வழிந்து சில்லென்று காய்ந்தது. அவள் கை எப்போதும் இந்த வாசனைதான் அடிக்கும். சோப்புப் போட்டும் போகாது. சாப்பிடும்போதுகூட நான் முகத்தைச் சுளிப்பேன்.

அவள் வாங்கிய குழாய்ச் சுருளில் இன்னும் மீதி இருந்தது. என் முதல் வளைவு மடங்கிப்போயிற்று. அதை வெட்டிப் போட்டேன். அடுத்தது பரவாயில்லை. ஒரே இடத்தில் அழுத்தாமல், கட்டைவிரலை நகர்த்திக்கொண்டே வளைக்க வேண்டும் என்பது நான்காவது வளைவில்தான் கைக்குப் பிடிபட்டது. ஹோஸ் நழுவாமலிருக்கக் குழாயின் இரு முனைகளிலும் உதடு மாதிரி விரித்துவிட வேண்டும், அதையும் செய்தேன். நான் எதையும் பார்த்துச் செய்யவில்லை. சட்டம் போன வழியில் போனேன். காலித் துளையில் புதுக் கிளிப் போட்டேன். சைலன்சருக்கும் குழாய்க்கும் நடுவே இப்போது கை நுழைந்தது. புது ஹோஸ்கள், அவற்றை இறுக்கிப் பிடிக்கப் புது வளையங்கள். எஞ்சினை ஓடவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த காகிதத்தால் ஒற்றி, முகர்ந்து பார்த்தேன். ஈரம் இல்லை.

மச்சான் அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ஓடும். ஆனா பாக்க முடியல. அவளோடது கழுத்துல சங்கிலி போட்ட மாதிரி இருந்துச்சு. இது குடல் மாதிரி இருக்கு."

"யாரும் படுத்துப் பாக்க மாட்டாங்க."

அடுத்த ஞாயிறு கிளம்பினோம். ஏற்றம் தொடங்கியதும் மச்சான் பேச்சை நிறுத்தினார். அவர் கால் தரையை அழுத்தியது. வெயில் நன்றாக ஏறியிருந்தது. அந்தத் திருப்பம் வந்தபோது என் கால் தானாகவே தளர்ந்தது. ரோட்டோரத்தில் நாங்கள் வழக்கமாக நிற்கிற இடம், டயர் தடம்கூடக் கலையாமல், தெரிந்தது. அங்கே உட்கார்ந்து காத்திருந்த அரை மணி நேரங்கள்தான் இந்த மாதங்களில் நான் அவளோடு இருந்த நேரம். கார் தும்மவில்லை. மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மிதி மாப்ள."

மிதித்தேன். இடம் பின்னால் போயிற்று. கண்ணாடியில் கொஞ்ச தூரம் தெரிந்தது, பிறகு இல்லை.

உச்சிக்கு அப்பால் இறக்கம். தெரு முனையில் திரும்பியபோதே அத்தை வாசலில் நின்றிருந்தார். சத்தம் கேட்டிருக்கும். நான் வாசலில் நிறுத்தினேன். அத்தை காரைப் பார்க்கவில்லை. ஓட்டுகிற பக்கத்துக் கதவையே பார்த்தார், அதிலிருந்து அவள் இறங்க வேண்டும் என்பது போல. நான் இறங்கவில்லை. சாவியில் கை வைத்தேன்.

"அணைக்காதீங்க மாப்ள."

கையை எடுத்தேன்.

அத்தை படியிறங்கி வந்து பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். சூடாக இருந்திருக்கும். எடுக்கவில்லை.

"ஷெட்ல இதை ஓடவிட்டாளே, அன்னைக்குப் போன் பண்ணி, எஞ்சின் பக்கத்துல போனை வச்சிருக்கா. எனக்கு என்ன தெரியும்? ஒரே இரைச்சல். லைன்ல ஏதோ கோளாறுன்னு கட் பண்ணிட்டேன். திருப்பிப் பேசினப்ப, கேட்டியாம்மா, கேட்டியாம்மாங்கறா. கேட்டேன்டி, நல்லாருக்குன்னு சொல்லிட்டேன்."

மச்சான் மறுபக்கக் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தவர் அப்படியே இருந்தார்.

"பெட்ரோல் எரியுதும்மா."

"எரியட்டும்."

அத்தை தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இதுல அவ செஞ்சது எது மாப்ள?"

"பெட்ரோல் வர்ற குழாய் மட்டும் நான் போட்டது. மத்ததெல்லாம் அவதான்."

"அப்ப இந்தச் சத்தம்?"

"அவளோடதுதான்."

அத்தை தலையாட்டினார். கண்ணை மூடிக்கொண்டார். கார் நின்ற இடத்திலேயே எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. சூடு ஏறிக்கொண்டே போயிற்று, தடுமாற்றம் வரவில்லை. அத்தைக்கு இன்னும் நன்றாகக் கேட்கட்டும் என்று ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.